ஓராண்டு ஆசிரியர்

ஜூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபொழுது, எதைப் பற்றி எழுதுவது என்னும் கேள்வி சில நாள் என்னை வருத்தியது. கல்லூரியைத் தாபித்த பெரியோரின் தொண்டினையும் அதிபர்கள் வளர்த்த பணிகளையும் எடுத்துரைத்தற்கு என்னினும் மூத்தோர் உளர். விளையாட்டுத் துறையின் வெற்றிகளை ஆண்டு தவறாமற் கூற வல்லோரும் உளர். அவர்க்குரிய இடத்திலே நான் புகாது, கடல் கடந்த நாடொன்றிலே பிறந்து, ஓராண்டு மட்டும் ஆசிரியராயிருந்து, பின்னர்த் திரைப்பட நெறியாளராயும் திரைக்கதை ஆசிரியராயும் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். அவர் யப்பானியராகிய யசுஜிரோ ஓசு.

தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்குத் திரைப்படத்தோடு என்ன உறவு எனச் சிலர் வினவலாம். பழைய மாணவர் சங்க மலருக்கும் யப்பானியப் படத்திற்கும் என்ன தொடர்பு எனவும் வினவலாம். ஓசுவின் படங்களுட் பலவற்றிலே, பள்ளிக்கூடம் முடிந்தபின் நடப்பவையே கதையாகின்றன. பிள்ளையைப் படிப்பித்த தாய் என்ன ஆனாள்? படித்த பிள்ளை என்ன ஆனான்? படிப்பிக்கச் சொன்ன ஆசிரியர் என்ன ஆனார்? முதுமையிலே அவரைப் பழைய மாணவர் கூடி உபசரித்தபொழுது அவர் மனத்திலே என்ன இருந்தது? இவ்வினாக்களை இவரளவு பொறுமையோடு திரும்பத் திரும்ப எழுப்பிய கலைஞர் பிறரை நான் அறியேன். ஆகவே இம்மலரிலே அவருக்கு ஓரிடம் தருவது பொருந்தும் எனத் துணிந்தேன்.

ஓசு 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆந் திகதி, டோக்கியோ நகரின் புக்காகாவாப் பகுதியிலே பிறந்தார். தந்தையார் உர வணிகர். 1913ஆம் ஆண்டிலே தாயாரும் பிள்ளைகளும் தந்தையாரின் சொந்த ஊராகிய மத்சுசாக்காவுக்கு அனுப்பப்பட்டனர். தந்தையார் வணிகத்தின் பொருட்டு டோக்கியோவிலேயே தங்கினார். இங்ஙனம் இளமைப் பருவத்திற் பெரும்பகுதி தந்தையைப் பிரிந்தே கழிந்தது. தந்தையும் மகனும் ஒரே கூரையின்கீழ் வாழ இயலாது ஏங்குவதைப் பிற்காலத்திலே அவர் எடுத்த படமொன்று சித்திரிக்கின்றது. அவ்வேக்கத்தை அவர் ஏட்டிலே கற்றவரல்லர்.

பள்ளியிலே அவர் சிறந்த மாணாக்கர் எனப் பெயர் எடுத்தவரல்லர். கடிதமொன்று பற்றிய குற்றச்சாட்டினால் மாணவர் விடுதியினின்றும் விலக்கப்பட்டு, புகைவண்டியிலே நாள்தோறும் பள்ளிக்குப் போய்வர நேர்ந்தது. படமாளிகையே அவருடைய உண்மையான பாடசாலையாயிற்று. 1921ஆம் ஆண்டிலே கோபே நகரத்து உயர் வணிகக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்விலே தவறினார். அடுத்த ஆண்டிலே ஆசிரிய பயிற்சிக் கலாசாலைக்கான தேர்விலும் தவறினார். பின்னர், மியே மாகாணத்து மலைக் கிராமமொன்றின் ஆரம்பப் பாடசாலையிலே பதில் ஆசிரியராய் அமர்ந்து ஓராண்டு கற்பித்தார். விடுமுறை நாளிலே மலையிலிருந்து நெடுந்தூரம் இறங்கிப் படம் பார்க்கச் செல்வார் என்பர். அவர் புக முயன்று தவறிய அத்தகைய கலாசாலையொன்றிலே இரண்டாண்டு பயின்று சான்றிதழ் பெற்றவன் நான். இருபதாண்டுக்கு மேலாக வகுப்பறையிலே நிற்கின்றேன். ஆயினும், ஆசிரியன் ஒருவனின் உள்ளத்தை அந்த ஓராண்டுப் பதிலாசிரியர் அறிந்த ஆழம் எனக்கு வியப்பைத் தருகின்றது.

1923ஆம் ஆண்டிலே டோக்கியோ மீண்ட ஓசு, உறவினரொருவரின் துணையால் ஷோச்சிக்கு நிறுவனத்தின் கமாத்தா படப்பிடிப்பு நிலையத்திலே கமரா உதவியாளராகச் சேர்ந்தார். தந்தையார் இதனை விரும்பவில்லை. அவர் சேர்ந்த சில நாளிலே, செப்டெம்பர் முதலாந் திகதி, பெரும் பூகம்பம் டோக்கியோவை அழித்தது. ஓராண்டு இராணுவ சேவை முடித்து வந்தபின், உதவி நெறியாளராய் உயர்ந்தார். அவர் நெறியாளரான வரலாறு சுவையானது. ஒருநாள் உணவுச்சாலையிலே தம் முறை வந்தும் தமக்குரிய கறிசோறு, பின்னர் வந்த நெறியாளர் ஒருவருக்குப் பரிமாறப்பட, ஓசு சினந்து பரிமாறியவரோடு கைகலந்தார். இச்செய்தி நிலையத் தலைவர் ஷிரோ கிடோவின் செவிக்கெட்டியது. அவர் இளைஞரை அழைத்து, ஒரு திரைக்கதை எழுதிவருமாறு பணித்தார். 1927ஆம் ஆண்டிலே ஓசுவின் முதற் படம் வெளிவந்தது. அதற்குத் திரைக்கதை எழுதியவர் கோகோ நோடா. அப்படத்தின் பிரதி இன்று இல்லை. ஆனால் அன்று தொடங்கிய அந்த நட்பு ஓசுவின் கடைசிப் படம் வரை நிலைத்தது.

அவர் எடுத்த படங்கள் 54. அவற்றுள் 26 முதல் ஐந்தாண்டிலே எடுக்கப்பட்டவை. அக்காலத்துப் பேசாப் படங்களுட் பல மாணவர் வாழ்வைப் பற்றிய நகைச்சுவைப் படங்கள். 1930ஆம் ஆண்டிலே வந்த ஒரு படத்திலே, தேர்விலே பார்த்தெழுதுதற்காக ஒரு மாணவன் விடைகளைத் தன் சட்டையிலே எழுதிவைக்கின்றான். சட்டை சலவைக்குப் போய்விடுகின்றது! அவன் தவறுகின்றான், நண்பர் தேறுகின்றனர். ஆனாற் தேறியவர் வேலையின்றித் திரிகின்றனர். தவறியவன் கல்லூரி வாழ்வை இன்னும் ஓராண்டு அநுபவிக்கின்றான். உலகப் பொருளாதார மந்தம் யப்பானைத் தாக்கிய காலம் அது. பட்டம் பெற்ற இளைஞர் வீதியிலே நின்றனர். இந்நகைச்சுவைக்குள் இருந்த கசப்பினைப் பார்த்தோர் நன்குணர்ந்திருப்பர்.

1931ஆம் ஆண்டின் ‘டோக்கியோ கோரஸ்’ என்னும் படத்திலே முதன்முறையாக ஒரு பழைய ஆசிரியரைக் காண்கின்றோம். முதிய ஊழியர் ஒருவர் அநியாயமாக வேலைநீக்கம் செய்யப்பட, அவருக்காகப் பரிந்து பேசித் தன் வேலையையும் இழக்கின்றான் காப்புறுதி நிறுவன எழுத்தன் ஒருவன். வீதியிலே அவன் சந்திப்பது தன்னை முன்பு கடுமையாகத் தண்டித்த ஆசிரியரை. அவர் இப்பொழுது கறிசோறு விற்கும் சிறிய உணவுக்கடை நடத்துகின்றார். வேலை தேடித் தருவதாகக் கூறி, அதுவரை தம் கடைக்கு விளம்பரப் பதாகை தூக்குமாறும் துண்டுப் பிரசுரம் வழங்குமாறும் கேட்கின்றார். படித்தவன் பதாகை தூக்குகின்றான். மனைவி திராம் வண்டியிலிருந்து அதைக் கண்டு நாணுகின்றாள். இறுதியிலே பழைய மாணவர் அக்கடையிலே கூடுகின்றனர். அப்பொழுது கடிதம் வருகின்றது: தொலைவிலுள்ள ஊரொன்றிலே, பெண்கள் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் வேலை. எல்லோரும் பள்ளிக் கீதம் பாட, ஆசிரியரும் மாணவனும் பிரிவை நினைந்து கண் கலங்குகின்றனர். பழைய மாணவர் கூட்டங்களிலே நாமும் கல்லூரிக் கீதம் பாடுகின்றோம். பாடுவோர் ஒவ்வொருவரும் எதை நினைந்து பாடுகின்றனர் என்பது அருகில் நிற்பவருக்கும் தெரிவதில்லை.

இனி, ஓசுவின் முதற் பேசும் படமாகிய ‘ஒரே மகன்’ பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். இது 1936ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இதன் மூலக்கதை ஜேம்ஸ் மாக்கி என்னும் பெயரிலே உள்ளது. ஜேம்ஸ் மாக்கி என்று ஒருவர் இலர். அஃது ஓசு தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர்.

மலைநாட்டுப் பட்டாலை ஒன்றிலே கூலிவேலை செய்யும் விதவைத் தாய். அவளுக்கு ஒரே மகன். ஆரம்பப் பாடசாலை முடிகின்றது. நடுநிலைப் பள்ளிக்குப் போவதாக மகன் தாயைக் கேளாமலே ஆசிரியரிடம் கூறிவிடுகின்றான். ஆசிரியர் மகிழ்ந்து வீடு தேடி வந்து தாயைப் பாராட்டுகின்றார். இனிவரும் காலத்திலே கல்வியின்றி முன்னேற இயலாது என்கின்றார். தாய் திகைக்கின்றாள். அவர் போனபின் மகனை அடிக்கின்றாள். பின்னர், அவன் படித்துப் பெரியவனாகட்டும் எனத் தன் உழைப்பு முழுவதையும் அவனுக்கே ஆக்குகின்றாள். பல்லாண்டு கழிந்தபின் மகனைப் பார்க்க டோக்கியோ செல்கின்றாள். மகன் இரவுப் பள்ளியிலே சொற்ப சம்பளத்திற்குக் கற்பிக்கின்றான். நகரத்தின் குப்பை எரிக்கும் புகைபோக்கிகள் தெரியும் வெளியிலே, சிறு வீட்டிலே மனைவியோடும் குழந்தையோடும் வாழ்கின்றான். தாய்க்கு அவன் மணம் செய்ததே தெரியாது. அன்று கல்வியின் பெருமையைக் கூறிய ஆசிரியரும் பெருங்கனவோடு டோக்கியோ வந்தவர்தாம். அவர் இப்பொழுது இறைச்சி பொரித்து விற்கின்றார்.

ஊரிலிருந்த வீட்டையும் முசுக்கட்டைத் தோட்டத்தையும் விற்றுவிட்டதாகத் தாய் அப்பொழுதுதான் மகனுக்குச் சொல்கின்றாள். மறுநாள் அயல்வீட்டுச் சிறுவனைக் குதிரை உதைத்துவிடுகின்றது. தாயை ஊர்காட்டுதற்காகக் கடினப்பட்டுத் தேடிய பணத்தை மகன் அந்தச் சிறுவனின் தாய்க்குக் கொடுத்துவிடுகின்றான். அதைக் கண்டபொழுது தாய் உள்ளம் குளிர்கின்றாள். ஊருக்கு மீண்டு, ஆலையிலே உடன் வேலைசெய்யும் பெண்ணிடம், மகன் பெரியவனாகிவிட்டான் என்கின்றாள். பின்னர்த் தனியே ஆலையின் பின்புறம் சென்று, வாளியை வைத்துவிட்டு அமர்கின்றாள். அவள் முகம் வாடுகின்றது. மூடிய பெரிய படலையைக் கமரா காட்டப் படம் முடிகின்றது.

பெற்ற நாளிலும், மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்ட நாளிலே தாய் பெரிது மகிழ்வாள் என்றார் வள்ளுவர். இக்கருத்தை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்குகின்றேன். அச்சொல்லைச் சொல்ல ஊரிலே ஒருவரும் இல்லாதபோது, தாயே அதைத் தன் வாயாற் சொல்லிக்கொள்ள நேர்வதை இப்படத்திலேதான் கண்டேன்.

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை ஒருவர் எண்பதை அண்மியவர். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டிலே வாழ்கின்றனர். சில ஆண்டுகளின்முன் அவர் வீட்டு விறாந்தையிலே, என் மடிக்கணினியிலே இப்படத்தை அவரோடு இருந்து பார்த்தேன். ஆங்கில எழுத்துக்கள் விரைந்து ஓடுவதால், நான் ஒவ்வொன்றையும் தமிழிலே சொல்லிக்கொண்டு வந்தேன். படம் முடிந்ததும், தாய் கூறியது பொய்யல்லவா என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. அந்த மனுசி பொய் சொல்லேல்லை. பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் காசு குடுத்தானே, அதை நினைச்சுத்தான் சொல்லுறா” என்றார்.

“அப்ப ஏன் ஐயா பின்னாலை போய்த் தலைகுனிஞ்சு இருக்கிறா?”

“அது வேறை. அது அவ தனிய இருக்கேக்கை.”

இதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் ஆறிப்போனதைக் காட்டிக் குடிக்கச் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. அவர் பிள்ளைகள் வாரந்தோறும் தொலைபேசியிலே பேசுகின்றனர். குறைவின்றிப் பணம் அனுப்புகின்றனர். நல்ல பிள்ளைகள் என்று அவர் எல்லோரிடமும் சொல்கின்றார். அதுவும் பொய்யன்று.

படத்தின் தொடக்கத்திலே அந்த ஆசிரியர் வாசலிலே நின்று சொன்ன சொல் என்னை விட்டு நீங்கியதில்லை. பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்தும் எண்ணத்தோடு இருக்கும் பெற்றோரைத் தேடி நாமும் செல்கின்றோம். எப்பாடுபட்டேனும் படிப்பியுங்கள் என்கின்றோம். நம் சொல்லை நம்பி நகை அடைவுகடைக்குப் போகின்றது. காணி ஈடு வைக்கப்படுகின்றது. அச்சொல் தவறன்று, இனியும் அதையே சொல்வேன். ஆனால், அச்சொல்லுக்கு ஆசிரியன் எவ்வளவு பொறுப்பாளி? பரீட்சைப் பெறுபேறு வந்த அன்றோடு அவன் பொறுப்பு முடிகின்றதா? இவ்வினாவுக்கு ஓசு ஆறாண்டு கழித்து வேறொரு படத்திலே விடை தேடினார்.

அதற்கிடையிலே போர் வந்தது. 1937ஆம் ஆண்டிலே ஓசு படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் இருந்த படைப்பிரிவு நச்சு வாயுவைக் கையாண்ட பிரிவு. வீட்டிற்குள் நிகழும் மெல்லிய துயரத்தை இவ்வளவு நுட்பமாய்க் கண்டவர், பிறர் நாட்டு வீடுகளை அழித்த படையிலே ஈராண்டு போர்வீரராய் இருந்தார் என்னும் உண்மையை அவரைப் புகழ்வோர் மறைத்தல் ஆகாது. அவருடைய அருமை நண்பரும் இளம் நெறியாளருமாகிய சடாவோ யமனக்கா அதே போர்க்களத்திலே நோயுற்று 1938ஆம் ஆண்டில், 28 வயதிலே இறந்தார். 1939ஆம் ஆண்டிலே ஓசு நாடு மீண்டு எழுதிய திரைக்கதை, தணிக்கையாளரால் மறுக்கப்பட்டது. போருக்குப் புறப்படும் கணவன் மங்கலச் செஞ்சோறு உண்ணாது, தேநீர் ஊற்றிய எளிய சோற்றை மனைவியோடு உண்பதாக அவர் எழுதியிருந்ததே குற்றமாயிற்று.

1942ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘ஒரு தந்தை இருந்தார்’ என்னும் படமே நான் முன்னர்க் குறித்த விடை. கனசாவா நகரத்துக் கணித ஆசிரியர் ஒருவர் மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்கின்றார். அஷி ஏரியிலே சில மாணவர் தடையை மீறிப் படகோட்ட, ஒருவன் மூழ்கி இறக்கின்றான். ஆசிரியர்மேற் குற்றம் இல்லை. பிறரும் அவ்வாறே கூறுகின்றனர். ஆயினும், பிறர் பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் துணிவு இனி எனக்கில்லை எனப் பதவி துறக்கின்றார். தாயற்ற தன் மகனைப் படிப்பித்தற்காக அவனை விடுதியிலே விட்டுத் தாம் டோக்கியோ சென்று உழைக்கின்றார். சில நாள் சேர்ந்திருத்தல், பல ஆண்டு பிரிந்திருத்தல் என அவர்கள் வாழ்வு கழிகின்றது. ஆற்றிலே இடுப்பளவு நீரில் நின்று இருவரும் தூண்டில் வீசுங் காட்சியிலே இரு தூண்டிலும் ஒன்றுபோல எழுந்து ஒன்றுபோல விழும். மகன் வளர்ந்து, தொலைவிலே ஆசிரியனாகின்றான். வேலையை விட்டுத் தந்தையோடு வந்து வாழ விரும்புகின்றேன் என்கின்றான். தந்தை மறுக்கின்றார், உன்னை நம்பி உள்ள மாணவரை விட்டு வரலாகாது என்கின்றார்.

கடமையைப் பாசத்தின்மேல் வைக்கும் இக்கதை, போர்க்கால அரசு விரும்பிய போதனையோடு ஒத்துப்போனது என்பர் ஆராய்வோர். அது மெய்யே. எனினும், படத்தைப் பார்ப்போன் மனத்திலே நிற்பது போதனையன்று. அதற்கு மகன் கொடுத்த விலையே நிற்கின்றது. தந்தைக்குப் பழைய மாணவர் விருந்தளிக்கும் காட்சி ஒன்றும் இதில் உண்டு. மணமானவர் எத்தனை பேர், கையுயர்த்துங்கள் என்று ஆசிரியர் கேட்கின்றார். பிள்ளைகள் உள்ளோர் எத்தனை பேர் என்று மேலும் கேட்கின்றார். ஒவ்வொரு கை உயரும்பொழுதும் அவர் முகம் மலர்கின்றது. வகுப்பிலே வரவுப் பதிவு செய்த அதே பழக்கம்! அங்கே கையுயர்த்த இயலாதவன் ஒருவன் உண்டு. அவன் ஏரியிலே இறந்தவன். அவனைப் பற்றி ஓசு ஒரு காட்சியும் புகுத்தவில்லை. புகுத்தாமையே அதன் வலிமை.

1943ஆம் ஆண்டிலே இராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. சுபாஷ் சந்திரபோஸ் நடத்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றி, ‘டெல்லி நோக்கி’ என்னும் கருத்தமைந்த பிரசாரப் படம் எடுப்பதே அவருக்கு இட்ட பணி. மலாயாத் தோட்டங்களிலே உழைத்த தமிழர் பெருந்தொகையினர் போஸின் படையிலே சேர்ந்த காலம் அது. அப்படம் நிறைவேறியிருப்பின், ஓசுவின் கமரா தமிழ் முகங்களையும் கண்டிருக்கும். ஆனால் அவர் அப்பணியிலே ஊக்கம் காட்டவில்லை. கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைப் பார்த்தும், நூல்கள் படித்தும் பொழுதைக் கழித்தார். ஓர்சன் வெல்ஸ் எடுத்த ‘சிற்றிசன் கேன்’ அவரைப் பெரிதும் கவர்ந்தது. 1945ஆம் ஆண்டிலே யப்பான் சரணடைந்ததும், எடுத்த சுருளையும் திரைக்கதையையும் அழித்துவிட்டார். தடுப்புக்காவலிலே இறப்பர்த் தோட்டத்தில் வேலைசெய்தார். நாடு திரும்பும் முதற் கப்பலிலே குழுவினர் 32 பேருள் 28 பேருக்கே இடம் இருந்தது. திருவுளச் சீட்டிலே தமக்குக் கிடைத்த இடத்தை, வீடு போக ஏங்கிய இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, 1946ஆம் ஆண்டிலே நாடு மீண்டார்.

1949ஆம் ஆண்டின் ‘பின்வசந்தம்’ தொடக்கம், ஓசுவும் நோடாவும் ஒன்றாயிருந்து 13 திரைக்கதைகள் எழுதினர். கடலோர விடுதியிலும் பின்னர் மலைவீட்டிலும் மாதக்கணக்காகத் தங்கி, எந்த நடிகர் எந்தச் சொல்லைச் சொல்வார் என முன்னரே எண்ணி ஒவ்வொரு வாக்கியத்தையும் அமைப்பர். கமரா பெரும்பாலும் அசையாது. பாயிலே அமர்ந்திருப்போர் கண்மட்டத்தினும் தாழ்ந்து அது நிலைத்திருக்கும். உரையாடல் முடிந்ததும் வெற்று அறை, காயும் உடை, புகைபோக்கி, கடந்துபோகும் புகைவண்டி ஆகியவை சிறிதுநேரம் தோன்றும். இவற்றைப் பார்க்குந்தோறும் நம் அகப்பாடல்களின் முதற்பொருளும் கருப்பொருளுமே எனக்கு நினைவுக்கு வருகின்றன. சொல்லவேண்டிய துயரத்தைத் தலைவி சொல்லாள். கானலும் நாரையும் சொல்லும்.

1953ஆம் ஆண்டின் ‘டோக்கியோ கதை’ அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. ஒனோமிச்சி என்னும் துறைமுக ஊரிலிருந்து முதிய பெற்றோர், டோக்கியோவிலே வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்கின்றனர். மகன் வைத்தியன், மகள் சிகையலங்காரக் கடை நடத்துபவள். இருவரும் கொடியவரல்லர், வேலையுள்ளவர். பெற்றோரை அத்தாமி என்னும் கடற்கரை ஊருக்கு அனுப்பிவிடுகின்றனர். போரிலே இறந்த மகனின் மனைவி மட்டும் ஒருநாள் விடுப்பெடுத்து அவர்களை உபசரிக்கின்றாள். ஊர் மீண்டதும் தாய் இறக்கின்றாள். தந்தையாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்பொழுது வயது 49 மட்டுமே. கடைசி மகள் ஊரிலே பாடசாலை ஆசிரியை. அண்ணியார் புகைவண்டியிலே டோக்கியோ திரும்பும் நேரத்திலே, அவள் வகுப்பறை யன்னலருகே சென்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, அந்த வண்டியை நோக்கி நிற்கின்றாள். பின்னால் மாணவர் எழுதிக்கொண்டிருக்கின்றனர். வகுப்பு நடத்தும்போது உள்ளம் வேறெங்கோ நின்ற நாள் எந்த ஆசிரியருக்கும் உண்டு. 2012ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் ‘சைட் அன்ட் சவுண்ட்’ இதழ் உலக நெறியாளரிடம் நடத்திய வாக்கெடுப்பிலே இப்படம் முதலிடம் பெற்றது.

அவருடைய கடைசிப் படம் 1962ஆம் ஆண்டிலே வந்தது. ஆங்கிலத்திலே ‘இலையுதிர்காலப் பிற்பகல்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்குகின்றது. அதனை எழுதிக்கொண்டிருந்த காலத்திலே அவர் தாயார் காலமானார். ஓசு மணம் செய்யாது தாயாரோடு வாழ்ந்தவர். இப்படத்திலே, நிறுவன அதிகாரிகளாய் உயர்ந்த பழைய மாணவர் தம் முதிய ஆசிரியருக்கு விருந்தளிக்கின்றனர். அவர்கள் அவருக்கு அந்நாளில் இட்ட பட்டப்பெயர் ‘சுரைக்குடுவை’. அவர் கற்பித்தது பழஞ்சீன இலக்கியம். விருந்திலே ஒரு மீனை உண்டு, இஃது என்ன மீன் என வினவுகின்றார். பெயர் சொன்னதும், அந்த மீனைக் குறிக்கும் சீன எழுத்து எவ்வாறு அமையும் என்று உடனே கூறுகின்றார். எழுத்தை அறிந்தவர், மீனை அன்றுதான் சுவைத்தார்.

பழந்தமிழ் கற்பிக்கும் எனக்கு இக்காட்சி எவ்வாறு இருந்திருக்கும் என அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம். நெய்தற்றிணையிலே வரும் மீன்களின் பெயர்களை நானும் பிழையின்றிச் சொல்வேன்.

மது மிகுந்த ஆசிரியரை மாணவர் வீடு சேர்க்கின்றனர். வீடு, ஒரு மலிவான நூடில்ஸ் கடை. கதவு திறப்பவள் மணமாகாது முதிர்ந்த மகள். தகப்பனின் நிலையைக் கண்டு அவள் அழுகின்றாள். மனைவி இறந்தபின் மகளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, அவள் வாழ்வைக் கெடுத்தேன் என்று ஆசிரியர் பின்னொருநாள் புலம்புகின்றார். மாணவர் பணம் சேர்த்து, அவருக்குக் கொடுக்கின்றனர். ஆனால் பணத்தினும் பெரிய ஒன்றை மாணவருள் ஒருவர் அங்கே பெறுகின்றார். அவரும் மனைவியை இழந்தவர். அவருக்கும் வயதுவந்த மகள் உண்டு. ஆசிரியரின் நிலை தமக்கும் வரும் என்று அஞ்சி மகளை மணம்முடித்துக் கொடுக்கின்றார். பின்பு வெறுமையான வீட்டிலே தனித்து அமர்கின்றார். பழஞ்சீனப் பாடத்திலே அம்மாணவர் எவ்வளவு நினைவிலே வைத்திருந்தார் என்பதைப் படம் காட்டவில்லை. நாற்பதாண்டு கழித்து, ஆசிரியர் தம் வாழ்வாலே, தாமறியாமலே ஒரு பாடம் நடத்தினார். அதனை மாணவர் கற்றுக்கொண்டார்.

1963ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆந் திகதி, தமது அறுபதாவது பிறந்தநாளிலே, தொண்டைப் புற்றுநோயால் ஓசு காலமானார். கமாக்குராவில் எங்காக்கு என்னும் பௌத்த ஆலயத்திலுள்ள அவருடைய கல்லறையிலே பெயர் இல்லை. ‘இன்மை’ எனப் பொருள்படும் ஒற்றை எழுத்தே பொறிக்கப்பட்டுள்ளது.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு முடிந்த விடையை ஓசு தரவில்லை. மூன்று ஆசிரியரைக் காட்டினார். ஒருவர் கல்வியைப் புகழ்ந்து பேசிப் பின் இறைச்சி பொரித்தார். மற்றவர் தம்மேற் சாராத பழியையும் தாமே ஏற்றார். மூன்றாமவர் எழுத்தறிந்தும் மகளின் மனத்தை உரிய காலத்திலே அறிந்திலர். ஆனால் மூவருள் எவரையும் மாணவர் மறக்கவில்லை என்பதையும் காட்டினார். ஆசிரியனின் பொறுப்பு பெறுபேற்று நாளோடு முடிவதில்லை என்பதே நான் இவற்றிலிருந்து கொண்ட பொருள். அவ்வாறே மாணவனின் கடமையும் பிரியாவிடை நாளோடு முடிவதில்லை.

இன்று கற்கும் மாணவர்க்கு ஒரு சொல்: இரு தேர்வுகளிலே தவறிய ஒருவரைப் பற்றியே இவ்வளவும் படித்தீர்கள். உடன் பணிபுரியும் ஆசிரியர்க்கு ஒரு சொல்: பெற்றோர் வாசலிலே நின்று நாம் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால் ஒரு தாயின் முழு வாழ்வும் நிற்கின்றது; சொல்வோம், ஆனால் அதன் பாரத்தை அறிந்து சொல்வோம்.

நாடு பலவற்றிலிருந்தும் ஜூபிலிக்கு வந்து கூடும் பழைய மாணவரிடத்திலே ஒரு விண்ணப்பம். விழாவுக்கு வர இயலாது வீட்டோடு இருக்கும் ஆசிரியர் சிலர் ஊரிலே உளர். மேடையிலே மாலை சூட்டுதல் நன்று. அதனினும் நன்று, விமானம் ஏறுமுன் ஒரு மாலைப்பொழுது அவர்கள் விறாந்தைக்குச் சென்று அமர்தல். எத்தனை பிள்ளைகள் என்று அவர்கள் கேட்பர். கேட்கும்பொழுது கையை உயர்த்துங்கள்.